வியன்னாவில் அத்தை

1962 டிசம்பர் 15, சனி

விடிந்ததிலிருந்து பனி. ரயிலில் ஐந்து மணி நேரம். லூசி வழி நெடுக ஜன்னல் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். மா. 4க்குள் இருட்டு. வியன்னா.

தம்பி அருளுக்கு ஒன்பது நாள் விடுமுறை. அவன் வேலை செய்த சேலத்து வெள்ளைக்கல் (மாக்னசைட்) சூளையிலிருந்து தொழில் பழக அவனை இந்த நாட்டுக்கு அனுப்பி ஒன்றரை வருடம். நான் அவன் பெண்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி வந்து ஆறு மாதம். தொழிற்சாலை ஊரில் மலையும் புகைபோக்கியும் தவிர எதுவும் பார்த்ததில்லை. "கிறிஸ்துமசுக்கு முந்தி உங்களுக்கு வியன்னாவக் காட்டோணுங்க அக்கா" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

விடுதி மூன்றாம் மாடி. நடத்துபவர் ஒரு விதவையம்மாள். ஓர் அறையில் நானும் பெண்களும், அடுத்ததில் அருள். இறகு அடைத்த போர்வை, லூசி அதற்குள் காணாமலே போய்விட்டாள். விதவையம்மாள் என் புடவை முந்தானையைத் தொட்டுப் பார்த்து ஏதோ கேட்டார். பெரியவள் தெரசாதான் சொன்னாள்: "இவ்ளோ துணிய எப்படிச் சுத்துறீங்கன்னு கேக்கறாங்க அத்தை." ஒன்பது வயது. பள்ளிக்கூடம் போய் மூன்று மாதத்தில் ஜெர்மன் பேசுகிறாள். எனக்கு 'நன்றி', 'ரொட்டி', 'காலை வணக்கம்'. அவ்வளவுதான்.

வாங்க வேண்டியவை: லூசிக்குக் கம்பளிக் காலுறை. எனக்குக் கையுறை (இடது கை கிழிந்தது). இருமல் மிட்டாய். தபால் தலை.

16, ஞாயிறு

பெரிய கோயிலில் பூசை. கூரையில் வண்ண ஓடுகள், கோரைப்பாய் பின்னல் மாதிரி. உள்ளே வெளியைவிடக் குளிர். ஆனால் லத்தீன் பூசை. சேலத்தில் கேட்கிற அதே வார்த்தைகள், அதே இடத்தில் மணி. ஒரு பதில் விடாமல் சொன்னேன். இந்த நாட்டில் நான் வாய் திறந்து பேசும் இடம் இது ஒன்றுதான். பக்கத்துப் பெஞ்சுக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

ரோசலிக்கு ஒரு மெழுகுவத்தி. அருளின் மனைவி. டைபாய்டில் இறந்து, வருகிற பங்குனியோடு இரண்டு வருடம். லூசிக்கு அவள் முகம் நினைவில்லை, நாலு வயதுக் குழந்தை. தெரசாவுக்கு உண்டு, ஆனால் சொல்லமாட்டாள். அருள் தூணோரம் நின்றிருந்தான். மெழுகுவத்தி ஏற்றவில்லை.

மாலை சந்தை. மரக்கடைகள், கண்ணாடி உருண்டைகள், குடில் பொம்மைகள். இரும்புச் சட்டியில் ஏதோ கொட்டையைச் சுட்டுக் காகிதக் கூம்பில் தருகிறார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் ருசி. நம் பங்குக் கோயிலில் இந்நேரம் குடிலுக்கு டப்பாக்களில் ராகி விதைத்திருப்பார்கள். முளை வந்திருக்கும். யார் தண்ணீர் ஊற்றுகிறார்களோ.

17, திங்கள்

அரண்மனை. எத்தனை அறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கால் மரத்துப்போனது. லூசி "தூக்குங்க, தூக்குங்க" என்று பாதி நேரம் என் இடுப்பில்.

அருள் நாள் முழுக்கக் கைக்கடிகாரம் பார்த்தான். திரும்பும்போது டிராமில் சொன்னான்: "நாளைக்கு நம்மகூட ஒருத்தங்க வருவாங்க அக்கா. எங்க ஆபீசுல வேல. இதுதான் அவங்க பொறந்த ஊரு. நல்லா சுத்திக் காட்டுவாங்க."

நல்லது என்றேன். தெரசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

18, செவ்வாய்

ஹெல்கா. முப்பது, முப்பத்தொன்று இருக்கும். அருளைவிட அரை விரல் உயரம். கை சிவந்து வெடித்திருக்கிறது, வேலை செய்கிற கை. வேகமாக நடக்கிறாள், பிறகு நினைவு வந்து நிற்கிறாள்.

நடந்தது: விடுதி வாசலில் அவள் நின்றிருந்தாள். நான் படியிறங்கிக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்திருந்த லூசி கையை உதறிவிட்டு ஓடினாள். ஹெல்கா குனிந்து தூக்கிச் சுற்றினாள். லூசி அவள் காதைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். முதல்முறை பார்க்கிறவர்களிடம் லூசி அப்படிப் போகமாட்டாள். கப்பலில் பத்து நாள் பழகிய பாட்டியிடம்கூடப் போகவில்லை.

எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தாள். சாம்பல் நிறக் கையுறை. அளவு கச்சிதம். என் கை அளவு அவளுக்கு எப்படித் தெரியும்?

நாள் முழுக்க ராட்டினம், சாக்லேட் பானம், கால்வாய்க்கரை. அவர்கள் நாலு பேரும் பேசினார்கள். நான் பின்னால் நடந்தேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

மாலை தெரசாவுக்குத் தலை வாரிவிடும்போது, ஹெல்காவை முன்பே தெரியுமா என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம நடந்துட்டு வர்றோம்னு போவோமில்லீங்க... அவங்க ஊட்டுக்குத்தான் போவோம். அப்பா சொல்ல வேண்டாம்னாருங்க."

"எத்தன மாசமா சாமி?"

"பள்ளிக்கூடம் தொறந்ததுல இருந்து."

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் ரசம் வைத்து, பருப்பு கடைந்து, ஆறாமல் மூடி வைத்துக் காத்திருந்தேன். வந்ததும் "பசிக்கல அத்தை" என்பார்கள். குளிரில் பசி மந்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

19, புதன்

தலைவலி என்று சொல்லி விடுதியிலேயே இருந்துவிட்டேன். அவர்கள் போனார்கள். லூசி மட்டும் திரும்பி வந்து முத்தம் கொடுத்தாள்.

பையில், சேலத்தில் நான் பாடம் நடத்தும் பள்ளியின் தலைமைச் சகோதரி எழுதிய கடிதம். ஜனவரி முடிவதற்குள் வேலையில் சேர வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் வகுப்புக்கு வேறு ஆசிரியை. பதிலும் எழுதி மூன்று வாரமாகிறது: 'நான் திரும்புவதாக இல்லை, குழந்தைகளுக்கு நான்தான் இருக்கிறேன்.' தபால் தலைக்காகக் காத்திருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன்.

பகல் 11க்கு அறைக்குள் இருக்க முடியவில்லை. கீழே இறங்கி, வந்த டிராமில் ஏறிவிட்டேன். பெரிய வீதி, கோபுரங்கள், பூங்கா, கல் குதிரைகள். எங்கே இறங்குவது என்று தெரியவில்லை. கேட்க மொழியில்லை. கொஞ்ச நேரத்தில் ஏறிய இடமே ஜன்னலில் வந்தது. இந்த டிராம் ஊரை வட்டமாகச் சுற்றுகிறது. அது தெரிந்ததும் இறங்கவில்லை. இன்னும் இரண்டு சுற்று. நடத்துநர் ஒன்றும் சொல்லவில்லை. எதிரில் ஒரு அம்மாள் மடியில் சின்ன கிறிஸ்துமஸ் மரம், கயிறு கட்டி, கைக்குழந்தை மாதிரி.

முப்பத்தெட்டு வயது எனக்கு. அழுதேன். கையுறையால் துடைத்துக்கொண்டேன். அவள் கொடுத்த கையுறை.

20, வியாழன்

பெண்களை விதவையம்மாளிடம் விட்டுவிட்டு அருள் என்னைக் காப்பிக்கடைக்குக் கூட்டிப்போனான். பளிங்கு மேசை. காப்பியோடு ஒரு டம்ளர் தண்ணீரும் வைக்கிறார்கள். அவன் அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தான்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"தெரசா சொல்லீட்டா."

தலையைக் குனிந்துகொண்டான். சின்ன வயதில் சிலேட்டு உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அதே மாதிரி.

"ஈஸ்டருக்கு அப்புறம் கல்யாணம் வெச்சுக்கலாம்னு இருக்கறோம். எனக்கு இங்கயே வேல தர்றாங்க. நீங்களும் இங்கயே இருங்க. ஹெல்காவும் அதத்தாஞ் சொல்றா. புது ஊட்டுல உங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்குது."

"ரோசலி போன அன்னிக்கு நீ எங்கிட்ட என்ன கேட்ட?"

"புள்ளைகளப் பாத்துக்கோங்கன்னு கேட்டனுங்க."

"பாத்துக்கலயா நான்?"

"ஐயோ, அப்படியில்லீங்க அக்கா."

"நீ மறுபடி கட்டிக்கறதுல எனக்கு ஒண்ணுமில்ல அருளு. உனக்கு முப்பத்திமூணு வயசு. ஆனா பச்சப் புள்ளைகள எங்கிட்டப் பொய் சொல்ல வெச்சயே. லூசியுங்கூட மறைக்கப் பழகிக்கிச்சு."

டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லத் தெகிரியம் வர்லீங்க" என்றான். கண்ணில் தண்ணீர். பக்கத்து மேசையில் பத்திரிகை படித்தவர் எங்களைப் பார்க்காத மாதிரி பக்கம் புரட்டினார்.

காப்பி நன்றாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

21, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. கடுங்குளிர். ஏற்காடு இதன் முன் கோடைக்காலம். தெருவோரம் மரத்தொட்டியில் உயிரோடு மீன் விற்கிறார்கள், கிறிஸ்துமஸ் விருந்துக்கு. லூசி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள். வாங்குகிறவரிடம் "வேண்டாம், வேண்டாம்" என்று தமிழில் அழுதாள்.

தெரசா என்னோடு பேசவில்லை. சொல்லிவிட்டோமே என்று பயம்.

22, சனி

பூங்காவில் உறைந்த குளம். ஹெல்காவும் வந்தாள். லூசி ஓடி வழுக்கி முகம் குப்புற விழுந்தாள். உதட்டில் ரத்தம். நானும் ஹெல்காவும் ஒரே நேரத்தில் ஓடினோம். ஹெல்கா முதலில் போய்ச் சேர்ந்தாள், கைநீட்டினாள். லூசி "அத்தே" என்று வீறிட்டு என்னிடம் தாவினாள்.

எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியது. வெட்கக்கேடான சந்தோஷம். நிமிர்ந்து பார்த்தால் ஹெல்கா நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நிற்கிறாள். முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கும் பயம் என்று அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை.

கைக்குட்டையில் பனியை அள்ளிச் சுருட்டி அவளிடமே கொடுத்தேன். லூசியின் உதட்டைக் காட்டினேன். ஒற்றினாள். லூசி என் கழுத்தை விடாமலே அவளை ஒற்றவிட்டாள்.

விடுதிக்கு வந்ததும் அருளிடம் சொன்னேன், ஜனவரிக் கப்பலுக்கு எழுதச் சொல்லி.

"கோவத்துல முடிவு பண்ணாதீங்க அக்கா."

"கோவமில்ல. உன் ஊட்டுல எனக்கு ரூமு இருக்குது. சேலத்துல எனக்கு வேல இருக்குது. நாப்பது புள்ளைங்க."

"புள்ளைக ஏங்கிப்போயிருமே."

"ஏங்கட்டும். அப்பறம் சரியாயிரும். ஏப்ரல்ல போறதவிட இப்பப் போனா அந்தப் பொண்ணுக்கும் பழகிக்க நாளிருக்கும்."

எனக்கு எப்போது சரியாகும் என்று அவன் கேட்கவில்லை. பழைய பதிலைக் கிழித்துவிட்டு, வருகிறேன் என்று நாலு வரி.

23, ஞாயிறு

பூசை. பிறகு பெட்டி கட்டல். மதிய ரயில். ஹெல்கா ஸ்டேஷனுக்கு வந்தாள். அம்மா வீட்டில் கிறிஸ்துமஸ் முடித்துவிட்டுத்தான் தொழிற்சாலை ஊருக்கு வருவாள். வண்டிக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்து, காலையில் ஹெல்காவுக்காக எழுதியதை எடுத்தேன். தெரசா படித்து ஜெர்மனில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அருளிடம் கொடுக்க மனமில்லை.

லூசி: பாலில் ஆடை இருந்தால் குமட்டும், வடிகட்ட வேண்டும். தூக்கம் வந்தால் காதைத் திருகிக்கொள்வாள், அப்போது கேள்வி கேட்கக் கூடாது. இடி என்றால் பயம். பொய் சொன்னால் மூக்கைத் தொடுவாள்.

தெரசா: எண்ணெய் வைக்காமல் தலை வாரினால் முடி அறுந்துபோகும். கணக்குக்குத் திட்ட வேண்டாம், தானே போட்டுவிடுவாள். மாசி மாதம் அவள் அம்மா பிறந்த நாள். அன்று பேசமாட்டாள். அப்படியே விட்டுவிடவும்.

இருவருக்கும்: ராத்திரி ஜெபத்தைத் தமிழில் சொல்லட்டும்.

தெரசா ஒவ்வொன்றாகப் படித்தாள், சொன்னாள். ஹெல்கா சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. தன்னைப் பற்றி வந்த இடத்தில் தெரசா காகிதத்தை முகத்துக்குக் கிட்டே பிடித்துக்கொண்டாள். ஆனாலும் நிறுத்தவில்லை. ஜெபம் வரைக்கும் வந்து காகிதத்தை மடித்தாள். அப்புறமும் பேசிக்கொண்டிருந்தாள், நீளமாக, தரையைப் பார்த்து. ஹெல்கா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"நான் எழுதுனது முடிஞ்சு போச்சே. என்ன சாமி சொன்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

"சொல்லு."

"அத்தை கப்பல்ல போற அன்னிக்கு நான் அழுவேன், லூசியும் அழுவா. அன்னிக்கு மட்டும் நீங்க எங்க ஊட்டுக்கு வராதீங்கன்னு சொன்னேன். அடுத்த நாள் வாங்கன்னு சொன்னேன்."