ஈரம் காயாத பிளாட்பாரம்

நவம்பர் 18, செவ்வாய் இரவு

போன வாரம் பஸ் ஸ்டாண்டில், சிதம்பரம் பஸ் நிற்கும் பக்கம் படுத்திருந்த பெரியவர் காய்ச்சலில் செத்துப்போனார். கம்மாபுரத்துக்காரர் என்றார்கள். தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. மறுநாளே மேலிருந்து உத்தரவு வந்தது: இனி அங்கே ஒருவரும் படுக்கக் கூடாது. விரட்டினால் யாராவது வீடியோ எடுத்துப் போட்டுவிடுவார்களாம். அதனால் தினமும் பொழுது சாய்ந்ததும் பிளாட்பாரம் முழுக்க லாரித் தண்ணீரை அடிக்கிறோம். துப்புரவு மேஸ்திரி நான்தான். நான் சொன்னால்தான் குழாயைத் திறப்பார்கள்.

இன்று, பல வருஷமாக அங்கேயே படுக்கிற செல்வி, துணிமூட்டையும் கையுமாக வந்து நின்றாள்.

"சார், இந்த ஓரத்தையாச்சும் காய வுடக் கூடாதா? காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு."

"மேல சொல்றாங்கம்மா, நான் என்னா பண்றது?"

"அவரு ஜொரத்துல கெடந்தப்ப ஒருத்தரும் வரல. இப்ப தெனம் லாரி வருது."

நான் குழாயைத் திறக்கச் சொன்னேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது அதிகாரி போன் செய்தார். "இன்னிக்கு யாராச்சும் படுத்திருந்தாங்களா?"

"யாரும் படுக்கல சார்."

பொய் இல்லை. நான் கிளம்பும்போது எல்லோரும் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள்.