அந்த ஒரு கிளாஸை ஊற்றியது நான்

அன்புள்ள முனியாண்டி மச்சான்,

நீ போய்ப் பதினோரு வருடமாகிறது. உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ இருந்தபோது தினமும் பார்த்துக்கொண்டோம், எழுத என்ன இருந்தது? இப்போது எழுதுகிறேன் என்றால் பயத்தில் எழுதுகிறேன் என்று புரிந்துகொள்.

முதலில் உன் வீட்டுச் சேதி. நீ போன மறுவருடமே உன் பெண்சாதி சரசு, ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் ஒரு தண்ணிக்கடை போட்டாள். கோப்பி, தே, மைலோ, கூடவே சூடாக வடை. காலை ஆறரைக்கெல்லாம் அடுப்பு எரியும். நான் போய் உட்கார்ந்ததும் கேட்காமலேயே பாலும் சீனியும் போடாத கோப்பி ஓ வந்துவிடும். "அண்ணே, பசியாறுங்க" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் தினமும் போகிறேன்.

உன்னை எரித்துவிட்டு வந்த அன்றோடு நான் குடியை விட்டுவிட்டேன். 'கூட்டாளி செத்த துக்கத்தில் திருந்திவிட்டான்' என்று ஊரில் பெருமையாகப் பேசுகிறார்கள். அது வெறும் துக்கமில்லை என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

உன் மகள் கவிதா பெரிய பெண்ணாகிவிட்டாள். கோலாலம்பூரில் படித்து, அங்கேயே சில வருடம் வேலை பார்த்துவிட்டு, ஈப்போவுக்கே திரும்பி வந்துவிட்டாள். வந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? இரண்டு தோழிகளோடு சேர்ந்து பழைய கடைவீடு ஒன்றில் பீர்க்கடை திறந்திருக்கிறாள். நாம் ரப்பர்த் தோட்டத்தில் குடித்த கள்ளு, சம்சுச் சாராயம் மாதிரி இல்லை மச்சான். சின்னச் சின்ன ஆலைகளில் காய்ச்சிய பீராம். சுவரில் வரிசையாக எட்டுக் குழாய். ஒன்றில் கஸ்தூரி எலுமிச்சை வாசம், இன்னொன்றில் கோப்பிக்கொட்டை வாசம்.

அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து சரசு மகளோடு பேசுவதில்லை. மூன்று மாதமாகிறது. போன வாரம் என் முன்னால் கோப்பியை வைத்துவிட்டு அவளும் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நீங்க போய்ப் பேசுங்கலா. நீங்க சொன்னா அவ கேப்பா."

"அவ என்ன, குடிக்கவா செய்றா? யாவாரம்தானே தங்கச்சி?"

"அந்த மனுஷன் என் தலைமேல கைய வச்சு சத்தியம் பண்ணாரு. அஞ்சு மாசம்கூடத் தாங்கல. தானா போய் மறுபடி குடிச்சாரு. அவரு ரத்தம்தானே இவளுக்கும்?"

கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தானாகவா போய்க் குடித்தாய், மச்சான்? கல்லீரல் கெட்டுப்போச்சு, இனி ஒரு சொட்டுகூடக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நீ சுத்தமாக நிறுத்தியிருந்தாய். எனக்குப் புது லோரி ஓட்டும் வேலை கிடைத்த அன்று, கொண்டாடலாம் வா என்று கடைக்கு இழுத்துக்கொண்டு போனவன் நான். நீ தே சொன்னாய். நான் பீர் போத்தலைத் திறந்தேன். "வேணாம் மச்சான், சரசுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்று இரண்டு தடவை சொன்னாய். "ஒரு கிளாஸ்ல என்னலா ஆயிடப் போவுது?" என்று ஊற்றி உன் கையில் கொடுத்தேன். வெகுநேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என் சந்தோஷத்துக்காகக் குடித்தாய். அதற்குப் பிறகு உன்னால் நிறுத்த முடியவில்லை. ஏழே மாதத்தில் போய்விட்டாய்.

ஒவ்வொரு தெவசத்துக்கும் சரசு உன் படத்தைப் பார்த்துத் திட்டுகிறாள். நான் பக்கத்தில் நின்று வடையும் பாயசமும் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

போன புதன்கிழமை கவிதாவின் கடைக்குப் போனேன். திறக்கும் நேரம் இன்னும் ஆகவில்லை, அவள் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய கூட்டாளி, ஒரு சீனப் பெண், என்னைப் பற்றி எதுவும் தெரியாமல் ஒரு சின்னக் கிளாஸில் பீர் பிடித்து என் முன்னால் வைத்தாள். என் கை தானாக நீண்டது மச்சான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் கை மறக்கவில்லை. கவிதா வந்தாள், கிளாஸை எடுத்தாள், உப்பில் ஊறிக் காய்ந்த அசாம்பாய்ப் பழம் போட்ட சோடாவை அந்த இடத்தில் வைத்தாள்.

"அம்மா அனுப்பினாங்களா மாமா?"

"ஆமாம்மா. பயப்படுறா."

"நான் ருசி பாத்துட்டுத் துப்பிடுவேன். இங்க யாராச்சும் அளவு மீறினா, போதும் வீட்டுக்குப் போங்கன்னு சொல்றது நான்தான்." துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்தாள். "அப்பாவுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லாமப் போச்சு. நல்லாத்தான இருந்தாரு? திடீர்னு ஏன் ஆரம்பிச்சாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல மாமா."

சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க எனக்குப் புத்தி சொல்லவா வந்தீங்க?" என்றாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா. இல்லாட்டி நான் சொல்லுவேன்."

இன்று சனிக்கிழமை. காலையில் கடைக்குப் போனேன். "அண்ணே, பசியாறுங்க" என்றாள். வாய் திறக்காமல் வந்துவிட்டேன். நாளை என்ன ஆகும்? அந்தத் தங்கச்சியும் இல்லையென்றால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மேலே உள்ளதை எழுதி ஐந்து நாளாகிறது. மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறையும்வரை காத்திருந்தேன். சரசு தே ஆற்றிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். அவள் குவளையைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஆஸ்பத்திரில வச்சு நான் அவருகிட்ட கேட்டேன் அண்ணே. யாரு மொதல்ல ஊத்திக் குடுத்தான்னு கேட்டேன். 'நானாத்தான் போய்க் குடிச்சேன்'னாரு. மூணு தடவ கேட்டேன். மூணு தடவயும் அதேதான் சொன்னாரு."

நான் தினமும் உட்காரும் நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. உட்காரத் தைரியம் வரவில்லை.

"பொய் சொல்லிட்டுப் போயிருக்காரு. நானும் இத்தன வருஷமா அவரத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குக் கடைக்கு வராதீங்க. எப்ப வரணும்னு நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

நான் ரோட்டைத் தாண்டப் போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "அவ கடை எத்தன மணிக்குத் தொறக்கும்?"

"மூணு மணிக்கு."

அன்று மாலை கவிதா எனக்குச் செய்தி அனுப்பினாள். 'அம்மா வந்தாங்க. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. சோடா குடிச்சாங்க. போறப்ப என் கையப் புடிச்சாங்க.' அவ்வளவுதான். என்னைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

இன்று வியாழன். போன் அடிக்கவில்லை. குளிக்கப் போனால்கூடக் கதவருகே வைத்துவிட்டுப் போகிறேன். காலையில் வீட்டிலேயே கோப்பி கலக்கிக் குடிக்கப் பார்த்தேன், கை ஓடவில்லை. நேற்று கால் தானாகப் பீர் போத்தல் விற்கும் கடைப் பக்கம் போனது. வாசல்வரை போய்த் திரும்பினேன். உனக்குச் சொல்லாமல் மறைக்க எனக்கு இனி ஒன்றும் வேண்டாம்.

ஏன் மச்சான் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை? சாகக் கிடக்கும்போதுகூட, சரசு என்னைத் திட்டிவிடக் கூடாது என்றா நினைத்தாய்? அல்லது நீ போனபிறகு அவர்களுக்கு ஒரு அண்ணன் இருக்கட்டும் என்றா? கேட்க வழியில்லை. வாக்குத் தவறியவன் என்று ஊரும் உன்னைத்தான் பேசியது. அதனால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். சரசு கூப்பிடும்வரை அந்தப் பக்கம் போகமாட்டேன். அவள் கூப்பிடாமலே போனாலும் குடிக்கமாட்டேன்.

உன் பெண்சாதிக்கு இன்னும் அண்ணன்தானா என்று தெரியாமல் காத்திருக்கும்,
உனக்கு என்றும் மச்சான்,
கணேசன்