மாடித் தரைக்குப் பலா

டில்லி
22-1-1964

அன்புள்ள அப்பாவுக்கு, ஞானாம்பாள் வணங்கி எழுதுவது. உங்கள் இருமலும் அம்மாவின் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன? நான் நலம். போன வாரம் பள்ளிக்கூடப் படியில் வழுக்கிக் கை சுளுக்கிக்கொண்டது. இப்போது எழுத வருகிறது.

தம்பி கல்யாணத்துக்குள் மாடி அறைக்குப் பலகைத் தரை போட எந்த மரம் நல்லது என்று கேட்டிருந்தீர்கள். கடலூரில் கிடைக்கும் வேங்கை ஈரம் பட்டால் சாயம் விடும். தேக்குக்காகச் சிதம்பரம் வரை அலைய வேண்டாம். கொல்லைப் பலாவையே வெட்டுங்கள். கறையான் அண்டாது. இப்போதே வெட்டினால்தான் ஆவணிக்குள் பலகை காயும்.

நான் பி.ஏ. முடித்த வருஷம் அம்மா அந்த மரத்தைக் காட்டி, "ஆசாரி, இது எம் பொண்ணு கல்யாணக் கட்டிலுக்கு. யாரும் கை வெக்கக் கூடாது" என்றாள். தம்பிகள் படித்து முடியட்டும் என்று நீங்கள் தள்ளிப்போட்டீர்கள். எனக்கு நாற்பத்திரண்டு முடிந்துவிட்டது. மரமும் நன்றாக முற்றியிருக்கும். வெட்டச் சொன்னது நான்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அதற்குத்தானே என்னைக் கேட்டீர்கள்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. மிஞ்சும் பலகையில் எனக்கு ஒரு மணை செய்து அனுப்புங்கள். இந்த அறையின் தரை சில்லென்றிருக்கிறது, உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. ஒரு ஆள் உட்காருகிற அளவு போதும்.

ஞானாம்பாள்