அண்ணன் வெளியே போன நேரம்

மே 6, புதன். ஆக்லாந்து

எலும்பு மஜ்ஜை மாற்றிய பிள்ளைகளிடம் வாரம் ஒருமுறை கேள்வி கேட்பது என் வேலை. வலிக்கிறதா, தூக்கம் வருகிறதா, பயமா, அலுப்பா. பதிலுக்கு மதிப்பெண். அளப்பது நான், வைத்தியம் டாக்டர் ஹேமிஷ் பாடு. இந்தப் பிரிவினை எனக்குப் பிடிக்கும்.

இன்று லுசியானே. வயது பதின்மூன்று, டோங்காத் தீவிலிருந்து வந்தவள், என்னைப் போலவே, எங்கள் ஆள். மஜ்ஜை கொடுத்த அண்ணன் செமிசிதான் துணைக்கும் இருக்கிறான். எதைக் கேட்டாலும் "சாய் பே" என்றாள், நல்லாத்தான் இருக்கேன் என்று. முழு மதிப்பெண்.

மே 7

ஹேமிஷுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா வாசிட்டி, எவ்ளோ நல்லாத் தாங்குறா! வலி மருந்தைக் குறைச்சிடலாம்." குறைத்துவிட்டார்.

மே 13, புதன்

உதடெல்லாம் வெடித்திருக்கிறது. ஆனாலும் சாய் பே. எனக்கு எரிச்சல் வந்தது. வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்டதும் செமிசி சட்டென்று போனைக் காதில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினான். போன் அடிக்கவே இல்லை.

அட மடச்சி! உடம்பைப் பற்றி அண்ணன் காதுபட ஒரு டோங்காப் பெண் வாய் திறப்பாளா? என் கூடப்பிறந்தது மூன்றும் பெண்கள், அதனால் — அதனால் என்ன? தெரிந்திருக்க வேண்டாமா?

"போய் ஒரு டீ குடிச்சிட்டு வாப்பா" என்றேன். ஓடாத குறையாகப் போனான். கதவு சாத்தியதும் அழுதாள்.

"ஒண்ணுக்குப் போனா உயிரே போகுது ஆன்ட்டி. தொண்டை பூரா புண்ணு. தூங்கவே இல்ல."

மே 14

"ஒரே வாரத்துல மார்க் இவ்ளோ இறங்கிடுச்சா? என்ன ஆச்சு?" என்றார் ஹேமிஷ்.

"அண்ணன் டீ குடிக்கப் போனான், டாக்டர்."

விளக்கிச் சொன்னேன். உடனே வலி மருந்தைக் கூட்டினார். சிறுநீர்ப்பையையும் பார்க்கச் சொன்னார். அங்கே புண். முதல் வாரக் கணக்கைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று நானே கேட்டேன். அவமானமாக இருந்தது.

மே 16

நேற்று தூங்கினாளாம்.

மே 20, புதன்

நான் நுழைந்ததுமே செமிசி எழுந்துகொண்டான். வாசலில் நின்று, "நான் கேக்கக் கூடாது. நீங்க நல்லாக் கேளுங்க" என்றான். போனான்.

லுசியானே கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போயிட்டானா?"

"போயிட்டான். வலி எப்படி?"

"போன வாரத்துக்குக் கம்மி. ஆனா வாய் இன்னும் எரியுது. கஞ்சி நாறுது. ராத்திரி வர்ற நர்ஸ் பாட்டுப் பாடுறா, சகிக்கல. வீட்டுக்குப் போணும். உங்க கேள்வியும் ரொம்ப நீளம். எழுதிட்டீங்களா ஆன்ட்டி?"