கொக்கு போட்ட திண்டு

அன்பு மகள் சிநேகாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம், அப்பாவுக்குச் சர்க்கரைகூட அடங்கித்தான் இருக்கிறது, அயர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், நான் வாயைத் திறந்தாலே அப்பா, "இதெல்லாம் ஒரு சேதியா" என்று போனைப் பிடுங்கிவிடுகிறார். அதனால் உனக்குத் தைத்த தலையணை உறையோடு இந்தக் கடிதத்தையும் மடித்து வைக்கிறேன். நம் அச்சரப்பாக்கம் புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்தன்று உன் அம்மா ஜெயித்துவிட்டாள், பாப்பா.

உன் அப்பா உட்காரும் லட்சணம் உனக்குத் தெரியாததா. கண்டக்டராக நின்றே காலம் தள்ளிய மனுஷன், ரிட்டயர் ஆகியும் முதுகு எதிலும் படாது. பெரிய வீட்டு வாசுதேவன் எதிரே வந்தால் போதும், சின்ன ஐயா என்று எழுந்து நின்றுவிடுவார். இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வாசுதேவன் கெட்டவர் இல்லை, எழுந்திரு என்று அவர் கேட்பதும் இல்லை, இவர் கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. புது வீட்டிலாவது இவர் திண்டு போட்டுச் சாய்ந்து உட்கார வேண்டும், அதுவும் வாசுதேவன் கண் முன்னால் என்று அஸ்திவாரத்துக்குக் கடக்கால் போட்ட அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஏன் திண்டு என்று கேட்பாய். அந்தக் காலத்தில் ஊரில் திண்டு இருந்தது பெரிய வீட்டில் மட்டும்தான், சிவப்பு வெல்வெட், இரண்டு முனையிலும் ஜரிகைக் குஞ்சம். அதற்கு இலவம் பஞ்சைக் கொட்டை எடுத்து, காயவைத்து, திணித்துக் கொடுப்பது நாங்கள், சின்னப் பெண்ணாக இருந்த என் மூக்கெல்லாம் பஞ்சுதான். வெல்வெட் உறை ஏறிய பிறகு அதை நாங்கள் தொடக் கூடாது. அப்புறம் மிஷன் பள்ளி டீச்சரம்மா எம்பிராய்டரி கற்றுக்கொடுத்தார், கல்யாணத்துக்கு முன்னால் எல்லாப் பெண்களும் போல நானும் தலையணை உறையில் இரண்டு கிளியும் குட் நைட்டும் போட்டேன், அழுக்காகிவிடும் என்று ஒருவரையும் தலைவைக்க விடாமல் பீரோவிலேயே வைத்து மக்க விட்டேன். இப்போது மாமல்லபுரம் கடைகளில் கண்ணாடி பதித்த குஷன் உறைகள் வாசலெல்லாம் தொங்குகின்றன, யானையும் ஒட்டகமுமாக. ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன், ஒரே நூல் சிக்கல். இதைவிட நான் நன்றாகத் தைப்பேன் என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் செங்கல்பட்டில் கருநீல வெல்வெட் வாங்கிவந்தேன். மயிலும் அன்னமும் வேண்டாம், பெரிய வீட்டு வயலில் நாம் நின்ற சேறு இருக்கட்டும் என்று சங்கிலித் தையலில் நாற்று, அதன் நடுவே வெள்ளைக் கொக்குகள். இறகு இறகாக நிரப்பவே மழைக்காலம் முழுக்கப் போய்விட்டது, கண் எரிந்தது, ஆனால் கொக்கு உயிரோடு நிற்கிறது.

ஜெபம் முடிந்ததும் அப்பாவை மெத்தையில் உட்காரவைத்து முதுகுக்குத் திண்டு கொடுத்தேன். உட்கார்ந்தாரே தவிர சாயவில்லை. நான் பந்தி பரிமாறப் போன நேரம் பார்த்து வாசுதேவன் உள்ளே வர, இவர் எழுந்துவிட்டார். உன் சித்தப்பா ஜெபசிங் இருக்கிறாரே, "நகருண்ணே, ஐயா வந்துகினு கீறாரு" என்று திண்டை உருவி வாசுதேவனுக்குப் போடப் போனார். எனக்கு வந்த கோபத்தில் பந்தியில் பரிமாறின கரண்டியோடு நடுக்கூடத்துக்கு வந்து, "அது அவருக்குத் தச்சது, இப்டி குடு" என்று பிடுங்கி இருந்த இடத்திலேயே வைத்தேன். வாசுதேவன் வாசலோரமே நின்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார், கொக்கைப் பார்த்தார், மெதுவாக உட்கார்ந்தார், முதுகு முழுக்கப் பதியச் சாய்ந்தார். சாய்ந்தபடியே, "இன்னா அங்கியே நிக்கிற, வந்து உக்காரு வாசு" என்றார். வாசுதேவன் சிரித்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது, சாம்பார் சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்த உறையைப் பெட்டியில் வைத்துப் பூட்டாதே, அழுக்கானால் நான் இன்னொன்று தைக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி விருந்தில் எடுத்த போட்டோ அனுப்பியிருந்தாயே, டாக்டர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, காலி நாற்காலி பக்கத்தில் இருந்தும் நீ நிற்கிறாய். உட்கார், பாப்பா.

உன் அம்மா,
மேரி பூபாலன்