கட்டிலுக்கு வைத்திருந்த பலகை

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

என்னப்பா நோட்டு, சௌக்கியமா? மழையில் நனையாமல் இருக்கிறாயா?

நேற்றைய காற்றில் எங்கள் வீட்டுக் கதவு பிய்ந்து விழுந்து நொறுங்கிவிட்டது. காலையில் என் மனைவி மேரியின் தம்பி அந்தோணி உளியும் சிரிப்புமாக வந்தான். தச்சு வேலைக்காரன்.

"மச்சான், நம்ம எஸ்டேட் லயத்து வரிசையில மட்டும் நாலு வீட்டுக் கதவு போச்சு. இப்படி ஒரு காத்து அடிச்சாத்தான் எனக்கு வேலை, அந்தக் கூலியில நான் டீ குடிச்சா டீக்கடைக்கும் யாவாரம். ஊரே செழிச்சிரும்."

"அப்ப உன் வீட்டுக் கதவையும் ஒடச்சு விடவாடா?" என்றாள் மேரி.

அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மேரிக்குக் கட்டில் செய்ய நான் வாங்கி வைத்திருந்த பலாப் பலகையைத்தான் கதவுக்கு அறுத்தான். வேறு பலகை இல்லை. அவளுக்கு மூட்டு வலி, தரையில் படுத்தால் எழுந்திருக்க முடியாது.

கதவு அழகாகத்தான் இருக்கிறது. அந்தோணிக்கு மீன்குழம்பு வைத்துச் சோறு போட்டோம். மீன் என்றால் அவனுக்கு உயிர், முள்ளைக்கூட விடமாட்டான். நல்ல பிள்ளை, கோபிக்க மனசு வரவில்லை. ஆனால் பழைய கதவுக்கு என்ன குறை? காற்று அடிக்காவிட்டாலும் கட்டில் செய்ய இந்த வாரம் அவனைத்தான் கூப்பிட்டிருப்பேன். இதே பலகை, இதே மீன்குழம்பு. கதவும் இருந்திருக்கும், கட்டிலும்...

"ஏங்க, எந்திரிக்க முடியல. கையக் குடுங்க" என்கிறாள் மேரி, போய்த் தூக்கிவிட்டு வருகிறேன்.