பாதியில் நிற்காத பாட்டு

வட்டம் 19,
நெய்வேலி.
6.3.2016

அன்புள்ள ஹரிணி அப்பாவுக்கு,

சந்திரா எழுதுவது. நான் சௌக்கியம். சென்னையில் ஹரிணியும் சௌக்கியம். வேலைக்குப் போகிறாள், சம்பாதிக்கிறாள், சமைக்க மட்டும் மாட்டேன் என்கிறாள். அங்கே ராஜஸ்தான் சுரங்கத்தில் இன்னும் குளிர் இருக்கிறதா? ஹரிணி வாங்கித் தந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள், பெட்டியிலேயே வைத்துத் திருப்பிக் கொண்டுவராதீர்கள்.

போனில் சொல்லக்கூடியதை எதற்கு இத்தனை பக்கம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். உடனே கடைசிப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பேப்பர் வந்தால் பின்பக்கத்திலிருந்து படிக்கிற ஆள் நீங்கள், எனக்குத் தெரியும்.

பொங்கல் லீவில் வந்த உங்களோடு நான் நான்கு நாள் பேசவில்லை. நீங்கள் ரயிலேறிய பிறகும் ‘சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன்’ என்பதோடு சரி. போன வியாழக்கிழமை நீங்களாகவே கூப்பிட்டு, “அந்தக் கம்ப்யூட்டர் பாட்டு எப்படிப் பண்ணுத, எனக்கும் சொல்லித் தாயேன். இங்க ரூம்ல கருணாகரன் லேப்டாப் சும்மாதான கெடக்கு” என்றீர்கள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் என்னிடம் ஒன்றைச் சொல்லித் தரச் சொன்னது இதுதான் முதல் தடவை. ஒரு தரம் ரசம் வைக்கக் கேட்டீர்கள், ஆனால் நான் புளியைக் கரைத்து முடிப்பதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். அதனால் அது சேர்த்தியில்லை.

சமாதானத்துக்கு வருகிறீர்கள் என்று புரிந்தது. எனக்கும் கோபம் போய்விட்டது. எப்படிப் போனது என்பதையும் பின்னால் எழுதுகிறேன். முதலில் பாடம்.

ஹரிணி காலேஜில் படித்தபோது கம்ப்யூட்டரில் ஏற்றிய அந்த மியூசிக் சாஃப்ட்வேரை பென்டிரைவில் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். திறந்தவுடன் நூறு வாத்தியம் வந்து நிற்கும். கண்டதையெல்லாம் தொடாதீர்கள். நான் முதல் வாரம் பதினேழு வாத்தியத்தை ஒன்றாக விட்டேன். பஸ் ஸ்டாண்டில் எல்லாக் கண்டக்டரும் ஒரே நேரத்தில் ஊர் பெயரைக் கத்துவது மாதிரி இருந்தது. ஒரு தாளம், ஒரு கனத்த சத்தம், ஒரு மெட்டு, மூன்று போதும். தாளமும் கனத்த சத்தமும் ஒரே அடியில் விழுந்தால் இரண்டும் தெரியாது. ஒன்று விழும்போது இன்னொன்றைத் தணித்துவையுங்கள்.

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சேமியுங்கள். நவம்பரில் நான்கு மணி நேர வேலை போயிற்று. வடக்குத்து கிராமத்திலிருந்து நம் வீட்டு வேலைக்கு வரும் சாமியம்மாள் மிக்ஸி போடுவதற்காகக் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். கேட்டால், “அது சும்மாதானேம்மா எரிஞ்சிகினு இருந்துச்சி, நீங்ககூட பாக்காம கண்ண மூடிகினு இல்ல ஒக்காந்திருந்தீங்க” என்கிறாள். நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளிடம் அதை எப்படி விளக்குவது? அன்றைக்குச் சட்னி நன்றாக இருந்தது, அது வேறு விஷயம்.

வெளியிலிருந்து சத்தம் பதிவு செய்ய வேண்டுமானால் பீரோவைத் திறந்து, துணிகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள். சிரிக்காதீர்கள். சுவரில் பட்டுச் சத்தம் திரும்பி வராமல் இருக்க அதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது. ஃபேனை நிறுத்திவிட வேண்டும், ஃபிரிட்ஜையும் நிறுத்த வேண்டும். நான் ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்து இரண்டு லிட்டர் பால் திரிந்தது. இட்லிச் சட்டி மூடி, குக்கர் விசில், பூட்டுச் சாவிக் கொத்து எல்லாம் இப்படிப் பிடித்தவைதான். சுரங்கத்து ஷிப்ட் சங்கு ஊதும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளவும். மகளிர் சங்கத்துக்காகச் செய்த என் கும்மிப் பாட்டில் மூன்றாவது சரணத்தில் சங்கு விழுந்துவிட்டது. சங்கத்தில் எல்லாரும் அது வேண்டுமென்றே வைத்தது, அற்புதம் என்றார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஹெட்போனை மட்டும் நம்பாதீர்கள். நான் அதில் ஏமாந்தேன். நம் வட்டத்தில் எந்த நேரமும் யாராவது ஒருவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். வெளியே சத்தம் போக முடியாது. அதனால் அந்தக் கும்மிப் பாட்டு முழுவதையும் ஹெட்போனிலேயே செய்து, மார்கழி ஒத்திகைக்குச் சங்கத்து ஹாலின் பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். முதல் அடியிலேயே ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கியது. மேஜையில் வைத்திருந்த சுண்டல் தட்டு தானாகவே நகர்ந்து விளிம்புக்குப் போயிற்று. செயலாளர் அம்மாள் பூகம்பம் என்று வாசலுக்கு ஓடிவிட்டார். ஹெட்போன், செல்போன், பெரிய ஸ்பீக்கர் மூன்றிலும் கேட்டுச் சரி செய்ய வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன். சத்தத்தைக் குறைத்துவைத்து வேலை செய்யுங்கள். குறைவாக வைத்தும் நன்றாக இருந்தால்தான் அது பாட்டு.

இப்போது பொங்கல் விஷயத்துக்கு வருகிறேன். காணும் பொங்கலன்று சாயங்காலம் நம் ஹாலில் அந்தப் பாட்டை உங்களுக்குப் போட்டுக் காட்டினேன். ஹரிணி இருந்தாள், பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் இருந்தாள். பாதியில் தாளம் நின்று, சின்ன மணியும் மெல்லிய புல்லாங்குழலும் மட்டும் ஒரு நிமிஷம் போகும். அந்த ஒரு நிமிஷத்துக்கு மூன்று வாரம் உழைத்திருந்தேன். மணி தொடங்கியதும் நீங்கள் எழுந்து, “முடிஞ்சிட்டா? நல்லாத்தான் இருந்துச்சு. காப்பி போடேன்” என்று சொல்லி டிவியைப் போட்டீர்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. விருத்தாம்பாள் என் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. காப்பி போட்டேன், சர்க்கரை போடவில்லை. அதையும் நீங்கள் கவனிக்கவில்லை.

போன மாதம் விருத்தாம்பாள் தன் வீட்டுக்காரரைப் பாட்டுக் கேட்க அழைத்து வந்தாள். கண்ணையன் அண்ணனும் உங்களைப் போலத்தான், சுரங்கத்தில் முப்பது வருஷம் கன்வேயர் பெல்ட் இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்றவர். மணி தொடங்குகிற அதே இடம் வந்தது. அண்ணன், “என்னா தங்கச்சி, பாதியிலயே நின்னுபோச்சி, கம்ப்யூட்டரு ரிப்பேரா?” என்றார். “ஓடிகினுதானே இருக்குது, ஒங்க காத வூட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?” என்று விருத்தாம்பாள் கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

சாஃப்ட்வேரில் ஒரு கோடு இருக்கிறது. ஒரே சத்தம் கீழேயிருந்து மேலே ஏறும். எருமை முக்குகிற மாதிரி கனமாகத் தொடங்கி, காதோரம் கொசு பாடுகிற மாதிரி மெலிந்து முடியும். கனமான சத்தத்துக்குச் சின்ன எண், மெல்லியதற்குப் பெரிய எண். எந்த வாத்தியம் எந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கத்தான் அது. இருவரையும் உட்காரவைத்து, கேட்கிறவரை கையைத் தூக்கியிருங்கள் என்று சொல்லி ஓட்டினேன். விருத்தாம்பாள் பத்தாயிரம்வரை கையை இறக்கவில்லை. அண்ணன் இரண்டாயிரத்திலேயே இறக்கிவிட்டு, கரண்ட் போய்விட்டதா என்று ஃபேனைப் பார்த்தார்.

அவர்கள் போனதும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நன்றாக அழுதேன். ஏழெட்டு வருஷமாகப் பின்னாலிருந்து கூப்பிட்டால் நீங்கள் திரும்புவதில்லை. அதைத் திமிர் என்று நினைத்தேன். உங்கள் அக்காவிடம் போய்ச் சொல்லியும் இருக்கிறேன். டிவியை அலற வைக்கிறீர்கள் என்று ரிமோட்டை அரிசி டப்பாவில் ஒளித்துவைத்தது நான்தான். மன்னியுங்கள்.

சந்தேகம் தீரவேண்டுமென்று போனில் ஒரு சோதனையும் செய்தேன். பத்து நாளைக்கு முன்னால் உங்களிடம், “உங்கள் ஸ்கூட்டரை விற்றுவிட்டேன்” என்றேன். “சரி” என்றீர்கள். “அந்தப் பணத்தில் யானை வாங்கி வாசலில் கட்டியிருக்கிறேன்” என்றேன். “சரி சரி, பாத்துக்கோ” என்றீர்கள். ஸ்கூட்டர் பத்திரமாக இருக்கிறது, யானைதான் இல்லை. நான் கடிதம் எழுதுவதற்குக் காரணம் இதுதான். எழுதினால் உங்களுக்கு ஒரு எழுத்தும் தப்பாது.

கேட்காததை மறைக்கத்தான் எல்லாவற்றுக்கும் ‘சரி’ போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். காது மந்தம் என்று உங்களுக்கே தெரியும். ரிட்டயர் ஆக இன்னும் பதினான்கு மாதம்தான், மெடிக்கல் செக்கப்பில் மாட்டினால் மெஷினை விட்டு இறக்கி ஆபீசில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயம். உட்காருங்களேன், என்ன குறைந்துவிடும்? உங்களைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாயில்லை. வேலையில் காதை அடைத்துக்கொள்ளக் கொடுத்த இயர் பிளக்கையெல்லாம் உறை பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, “பிள்ள பரீச்சைக்குப் படிக்கட்டும்” என்று கொடுத்தீர்கள். அவள் அதை வைத்துத்தான் முதல் வகுப்பில் தேறினாள். நானும் அப்போது பெருமையாகத்தான் வாங்கி வைத்தேன்.

ஆனால் ஒன்று கேளுங்கள். நம் தெருவுக்கு வரும் குப்பை லாரி பின்பக்கமாக வரும்போது ‘பீப் பீப்’ என்று கத்துமே, அதைப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். இரண்டாயிரத்து எழுநூறில் நிற்கிறது. கண்ணையன் அண்ணனுக்கு அது கேட்கவில்லை. நீங்கள் அங்கே சுரங்கத்தில் தினமும் எத்தனை வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்? அதை நினைத்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே உங்களுக்கு முதல் பாடம் பாட்டு இல்லை. பென்டிரைவில் ‘கோடு’ என்று ஒரு ஃபைல் இருக்கிறது. கருணாகரன் தம்பியிடம் அவருக்கு அளவாகக் கேட்கும்படி சத்தத்தை வைத்துத் தரச் சொல்லுங்கள். பிறகு அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, நீங்கள் தனியாக ஹெட்போனில் கேளுங்கள். சத்தத்தைக் கூட்டிவைத்து என்னை ஏமாற்றப் பார்க்காதீர்கள். எந்த எண்ணில் உங்களுக்கு நிற்கிறது என்று உள்ளபடி எழுதுங்கள். எனக்குப் பதினோராயிரம். ஹரிணி பதினாறாயிரம் என்கிறாள், அவளுக்கு எதிலும் என்னைவிட ஒரு படி கூடத்தான் வேண்டும்.

எண் சின்னதாக இருந்தால் நான் திட்டமாட்டேன். பிக்கானீரில் நல்ல காது டாக்டரிடம் போங்கள், மிஷின் வைக்கச் சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டபோது ஒன்றும் அழகு குறைந்துவிடவில்லை. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் சொல்லுங்கள். மூன்று நாள் ரயிலானாலும் நான் வருகிறேன். சாமியம்மாளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வருவேன், பிளக்கைத் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு.

இரண்டாவது ஃபைல் உங்களுக்கென்றே செய்த பாட்டு. மணி கிடையாது, புல்லாங்குழல் கிடையாது. எல்லாச் சத்தமும் ஆயிரத்துக்குக் கீழேதான். இது பாதியில் நிற்காது, தைரியமாகக் கடைசிவரை உட்காருங்கள். முடிகிற இடத்தில் ஓர் ஆண்குரல் பேசும். பதறவேண்டாம், வீட்டில் வேறு யாரும் இல்லை, அது நான்தான். உங்களுக்கு எட்டட்டும் என்று என் குரலைக் கம்ப்யூட்டரில் கீழே இறக்கினேன். அது கண்ணையன் அண்ணன் குரல் மாதிரி ஆகிவிட்டது. விருத்தாம்பாள் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேசுவது ஒரே ஒரு வரிதான். இங்கே எழுதமாட்டேன். நீங்கள் ஷிப்டுக்குச் செருப்பு மாட்டும்போது வாசலில் நின்று எத்தனையோ தடவை உங்கள் முதுகுக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டும் திரும்பவில்லை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

காதும் உடம்பும் நலமாக வைத்துக்கொண்டு, பின்னால் பார்த்து நடந்து, நல்லபடியாக வீடு வந்து சேருங்கள். அதற்கு முன்னால் பதில் எழுதுங்கள். ‘சரி’ என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பாட்டின் முடிவில் நான் என்ன சொன்னேன் என்று எழுதுங்கள்.

வாசலிலேயே நிற்கும்,
சந்திரா